கடற்கரையில் தாக்குப்பிடிக்கிற போனை எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: குளச்சலில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு தம்பி, 25,000 ரூபாய்க்குள் புதிதாக வந்திருக்கும் ஒரு போனைப் பார்த்து வைத்திருக்கிறார். கண்ணாடி முதுகு, ஓரம் வளைந்த அமோலெட் திரை, 120 ஹெர்ட்ஸ், 4,500 நிட்ஸ் வெளிச்சம், ஐபி68, 8 ஜிபி ராம். வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் ‘டிசைன் அருமை, பெர்ஃபார்மன்ஸ் மிரட்டல்’ என்கிறார்கள். தனக்கு ஒன்று, அண்டியாபீஸுக்கு, அதாவது முந்திரிக் கொட்டை ஆலைக்கு, வேலைக்குப் போகும் அக்காவுக்கு ஒன்று என்று இரண்டாக வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

தம்பி, அந்த வீடியோக்கள் பொய் என்று சொல்ல மாட்டேன். ஏசி அறையில், மேசை விளக்குக்குக் கீழே, காய்ந்த கையோடு பார்த்தால் அந்தப் போன் அப்படித்தான் இருக்கும். உங்கள் போன் இருக்கப்போகும் இடம் அதுவல்ல. காலையில் கடற்கரையில் ஏலம், மீன் ஈரம் காயாத கை, உப்புக் காற்று, பத்து மணிக்கு மேல் கண்ணைக் கூசும் வெயில், ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. நான் நாகர்கோவிலில் போன் சர்வீஸ் பார்க்கிறவன். கடலோரத்திலிருந்து என் மேசைக்கு வரும் போன்களில் சிப் மெதுவாக இருக்கிறது என்று வருவது ரொம்பக் குறைவு. சார்ஜிங் ஜாக் பச்சை பூத்தது, ஸ்பீக்கர் அடைத்தது, டிஸ்ப்ளே உடைந்தது, தண்ணீர் புகுந்தது, இவைதான் வரும். எல்லாம் டிசைன் சமாச்சாரம். அதனால் டிசைனை அழகுக்காகப் பார்க்காமல், நாளைக்கு எதில் செலவு வைக்கும் என்று பார்த்து வாங்கச் சொல்வேன்.

முதலில் ஐபி68-ஐப் பார்ப்போம், ஏனென்றால் கடலோரத்தில் ஏமாற்றம் தருவது அதிகமும் இதுதான். முதல் எண் தூசிக்கு. 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாவது எண் தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும், அது பெட்டியிலோ இணையதளத்திலோ சின்ன எழுத்தில் இருக்கும். இந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். கடல் நீரைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும், காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுக்கும். அந்த நிலையில் சார்ஜர் சொருகினால் டைப்-சி ஜாக்குக்குள் இருக்கும் மெல்லிய பின்கள் அரிக்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, தண்ணீரைத் தடுப்பது பெரும்பாலும் ஓரத்தில் ஓடும் ஒரு பசை. கீழே விழுந்து சட்டம் லேசாக வளைந்தாலோ, யாராவது பின்பக்கத்தைத் திறந்து வேலை பார்த்துப் புதுப் பசை போடாமல் மூடினாலோ, ஐபி68 போன இடம் தெரியாது. காலப்போக்கிலும் குறையும். வாரண்டியில் தண்ணீர்ச் சேதம் பெரும்பாலும் சேராது, அதையும் வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

அப்படியானால் ஐபி எண் தேவையே இல்லையா? தேவைதான். ஐபி54 இருக்கும் போனையும் ஐபி68 இருக்கும் போனையும் ஒரே விலைக்கு வைத்தால் நான் 68-ஐத்தான் எடுப்பேன். மழைக்கும், சேறு பட்ட கைக்கும், தண்ணீர் வாளிக்கும் அது காவல். ஆனால் அதை நம்பிக் கடல் நீரில் முக்கிப் படம் எடுக்காதீர்கள். தவறி விழுந்துவிட்டால், ஐபி67-க்கு மேல் உள்ள போன் என்றால், குழாயை லேசாகத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள், துடையுங்கள், ஜாக் கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டமாக வையுங்கள். முழுக்கக் காயும்வரை சார்ஜ் கூடாது. அரிசியில் புதைக்கும் வழக்கம் வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. அப்புறம், வள்ளத்தில் போகும் சொந்தக்காரர்கள் ஐபி68 போன் இருக்கிறது என்று கடலில் அதையே துணையாக நினைக்கக் கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஓக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கைப்பேசி டவர் எட்டவே இல்லை. அங்கே வேண்டியது வேறு கருவி.

அடுத்தது மணல். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை மணல் சாதாரண மணல் இல்லை. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனம் அள்ளுவது இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்த மணல். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில், போன் திரைக் கண்ணாடியில் 6-ஆம் நிலையிலிருந்து கீறல் விழும், 7-இல் ஆழமாக விழும். சாதாரணக் குவார்ட்ஸ் மணலே 7. சிவப்பாகத் தெரியும் கார்னெட் ஆறரையிலிருந்து ஏழரை, சிர்கான் ஏழரை. ஆக, எந்தப் பெயர் போட்ட கண்ணாடியானாலும் சட்டைப்பையில் நாலு மணல் இருந்தால் கோடு விழும். பல போன்களின் திரையில் வரும் கொரில்லா கிளாஸில் விக்டஸ் வகைகள் கீழே விழுந்தால் தாங்கும் திறனில் நிறைய முன்னேறியிருக்கின்றன; மணலுக்கு முன்னால் பெரிய வித்தியாசம் கிடையாது. டெம்பர் கிளாஸ் ஒட்டியே ஆக வேண்டும்.

இங்கேதான் அந்த வளைந்த திரை உங்களுக்கு ஆகாது. தட்டையான திரைக்கு நூறு, இருநூறு ரூபாயில் ஒரு டெம்பர் ஒட்டி, கீறினால் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஒட்டலாம். வளைந்த திரைக்கு ஓரம்வரை உட்காரும் டெம்பர் வேண்டுமென்றால் பசை ஊற்றி, யுவி விளக்கு காட்டி ஒட்ட வேண்டும். கை பழகாதவர் ஒட்டினால் அந்தப் பசை இயர்பீஸின் சின்ன வலையான ஜாலியிலும் வால்யூம் பட்டனிலும் வழிந்து இறுகிவிடும். அதைச் சுரண்டிக் கொடுப்பது எங்களுக்கு வருமானம்தான், ஆனாலும் வேண்டாம். விழும்போதும் வளைந்த ஓரம்தான் முதலில் தரையைத் தொடும். வாங்குவதற்கு முன்பே அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்: இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு? அந்தத் தொகையைக் கேட்டதும் பாதிப் பேருக்குத் தட்டைத் திரை அழகாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

மணல் விஷயத்தில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதிலிருந்துதான் மணவாளக்குறிச்சிக்கு உலகப் பெயர். அந்த மோனசைட்டில் நியோடிமியம் என்ற அருமண் உலோகம் இருக்கிறது. இன்றைக்குப் போன் ஸ்பீக்கருக்குள் இருக்கும் குட்டிக் காந்தம் நியோடிமியக் காந்தம். அதே கடற்கரையின் கருமணலான இல்மனைட்டில் இரும்பு உண்டு, பலமான காந்தத்துக்கு அது இழுபடும். அதனால் கடற்கரையில் போனைக் குப்புற வைத்தால் ஸ்பீக்கர் ஜாலியில் கருப்பாக வந்து ஒட்டும், சத்தம் மங்கும். நல்ல மென்மையான பிரஷ் போதும். ஊசி வைத்துக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் தண்ணீர் தடுப்புச் சவ்வு கிழியும்.

முதுகு கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்றால், கூச்சமே இல்லாமல் பிளாஸ்டிக் என்று சொல்வேன். கண்ணாடி முதுகு கையில் எடுத்ததும் ‘விலை உயர்ந்தது’ என்ற எண்ணத்தைத் தரும், ஈரக் கையில் வழுக்கும், உடைந்தால் தண்ணீரும் புகும். எப்படியும் கவர் போடத்தான் போகிறீர்கள், பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்? சட்டம் அலுமினியம் என்றால் நல்ல உறுதி, ஆனால் மேல்பூச்சு அடிபட்டு உரிந்த இடத்தில் உப்புக் காற்று புள்ளிப் புள்ளியாக அரிக்கும். கவரை மாதத்துக்கு ஒருமுறையாவது கழற்றித் துடையுங்கள். கவருக்கும் போனுக்கும் நடுவில் தங்கும் உப்பும் வியர்வையும்தான் முதல் எதிரி. எடையைக் கடையிலேயே கையில் வைத்துப் பாருங்கள். 190 கிராமுக்குள் என்றால் ஒரு கையால் நாள் முழுக்கப் பயன்படுத்தலாம், 215-க்கு மேல் போனால் கவரோடு சேர்த்துச் சட்டைப்பை தொங்கும். கட்டைவிரல் பவர் பட்டனுக்கு எட்டுகிறதா, ஏலத்தில் இன்னொரு கையில் நோட்டு இருக்கும்போது ஒற்றைக் கையால் எண் அழுத்த முடிகிறதா என்றும் பாருங்கள். வீடியோவில் இது தெரியாது.

திரை வெளிச்சத்துக்கு வருவோம். 4,500 நிட்ஸ் என்று விளம்பரம் சொல்வது பெரும்பாலும் எச்டிஆர் வீடியோவில், திரையின் ஒரு சின்னப் பகுதி மட்டும், சில நொடிகள் எட்டும் உச்சம். வெயிலில் நீங்கள் க்யூஆர் காட்டும்போது முழுத்திரையும் எவ்வளவு ஒளிரும் என்பது வேறு எண். அதை ஹை பிரைட்னஸ் மோட் என்பார்கள். அது 1,000 நிட்ஸுக்கு மேல் இருந்தால் நம் வெயிலுக்குச் சமாளிக்கும். ஆனால் எண்ணைவிட நல்ல வழி, டெமோ போனை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வருவது. நடுப்பகலில் போங்கள். க்யூஆர் ஒன்றைத் திறந்து கடைக்காரர் போனால் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கூலிங் கிளாஸ் போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே போனைக் குறுக்காகவும் திருப்பிப் பாருங்கள், சில திரைகள் ஒரு கோணத்தில் கருப்பாகிவிடும். வெயிலில் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். சூடேறியதும் பல போன்கள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். குறையாத போன் கிடைப்பது கஷ்டம். எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதுதான் கேள்வி.

அப்படியே விரலை நனைத்துத் திரையில் இரண்டு சொட்டு விட்டு டைப் செய்து பாருங்கள். தொடுதிரை நம் உடம்பின் மின்கடத்தலை வைத்து வேலை செய்கிறது, தண்ணீர்ச் சொட்டையும் சில போன்கள் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். ஈரக் கைக்கென்றே மென்பொருள் சரிக்கட்டல் செய்த மாடல்கள் இப்போது வருகின்றன. பணம் அனுப்பும் திரையில் எண் தானாக மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பெர்ஃபார்மன்ஸ். தினசரி வேலையில் நீங்கள் உணரும் வேகத்துக்கும் வேகத்தை அளக்கும் அன்டுடு ஆப் காட்டும் எண்ணுக்கும் தூரம் அதிகம். ஸ்னாப்டிராகன் சிப்பா டைமென்சிட்டி சிப்பா என்ற சண்டையை விடுங்கள், இந்த விலையில் இரண்டும் வாட்ஸ்அப்புக்கும் யுபிஐக்கும் தாராளம். நான் முதலில் பார்ப்பது ஸ்டோரேஜ் வகை. இஎம்எம்சி என்றால் வினாடிக்கு 300 எம்பிக்குள் படிக்கும், யுஎஃப்எஸ் 2.2 சுமார் 1,000, யுஎஃப்எஸ் 3.1 சுமார் 2,000. புதிதில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு வருடம் கழித்து, மீன் படமும் வாய்ஸ் நோட்டும் குரூப் வீடியோவும் சேர்ந்து நிறைந்த பிறகுதான் ‘ஹேங் ஆகுது அண்ணே’ என்று கொண்டு வருவார்கள். ஒரே மாடலில் 128 ஜிபிக்கு மெதுவான ஸ்டோரேஜும் 256-க்கு வேகமானதும் போடும் வழக்கமும் உண்டு, அதனால் நீங்கள் வாங்கும் அளவுக்கு எது என்று பார்க்க வேண்டும். ‘8 + 8 ஜிபி ராம்’ என்று எழுதியிருந்தால் பின்னால் வரும் 8 ஸ்டோரேஜிலிருந்து எடுத்த கடன். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது வினாடிக்கு 120 முறை படம் புதுப்பிக்கும் திரை, கண்ணுக்கு வழுவழுப்பாக இருக்கும், சரி. ஆனால் அது உள்ளே இருக்கும் மந்தத்தை மறைக்கும் பவுடர் பூச்சு. ஸ்க்ரோல் செய்வதை வைத்து வேகத்தை எடைபோடாமல், லாக்கில் இருக்கும் போனில் பவர் பட்டனை இருமுறை தட்டிக் கேமரா திறந்து முதல் படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது, படம் எடுத்த உடனே அடுத்ததை எடுக்க விடுகிறதா என்று பாருங்கள். துள்ளும் மீனைப் படமெடுத்து வியாபாரிக்கு அனுப்புகிறவருக்கு அதுதான் பெர்ஃபார்மன்ஸ்.

சூடு இன்னொரு பெரிய விஷயம். ஆப்பிள் தன் போன்களை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்தில் இருப்பதால் நம் மாவட்டம் திருநெல்வேலி அளவுக்குக் கொதிக்காது, ஆனாலும் பைக் ஹாண்டில்பாரில் மாட்டிய போனுக்கு நேர் வெயில் அடித்தால் உள்ளே எங்கேயோ போய்விடும். சூடேறினால் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியின் ஆயுளும் குறையும். வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: நிழலில், வெளியே, கேமராவில் உச்சத் தரத்தில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். பாதியில் நின்றதா? நின்றதும் யுபிஐ ஆப் உடனே திறந்ததா? இதில் தேறினால் தினசரி வேலைக்குப் பயப்பட வேண்டாம். ஹாண்டில்பார் மாட்டியைப் பற்றி இன்னொரு சொல்: கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஓஐஎஸ் கேமரா உள்ள போன் பைக் அதிர்வில் கெடலாம் என்று 2021-லேயே ஆப்பிள் எச்சரித்தது. மார்த்தாண்டம் போய்வரும் சாலையில் அதிர்வுக்குப் பஞ்சமில்லை, போனைப் பையிலேயே வையுங்கள்.

பேட்டரியில் 5,000 எம்ஏஎச்சுக்கு மேல் எது இருந்தாலும் உங்களுக்கு ஒரு நாள் ஓடும்.

ஆனால் சிக்னலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் நகரத்தில் இருந்து ரிவ்யூ செய்கிறவர்கள் இதைத் தொடவே மாட்டார்கள். வேகமான 5ஜி பெரும்பாலும் என்78 என்ற 3.5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் வருகிறது. அது மலைக்கும் மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் பின்னால் சீக்கிரம் தேய்ந்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும். ஜியோ 5ஜிக்கு என்28, பிஎஸ்என்எல் 4ஜிக்கு பேண்ட் 28, இரண்டும் அந்த அலைவரிசைதான். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, கோதையாறு பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் போய்வருகிறவர்கள் பெட்டிக்குப் பின்னால் அல்லது இணையதளத்தில் இந்த இரண்டு பேண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். எல்லையில் இருக்கும் களியக்காவிளை ஓரத்தில் கேரள டவரைப் பிடித்து ரோமிங் காட்டுவது போனின் குறையல்ல. தமிழ்நாடும் கேரளாவும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள், போன் அருகில் பலமாக இருப்பதைப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

பேச்சுத் தரத்தை ஆரல்வாய்மொழியில் சோதித்தால் எந்தப் போனின் சாயமும் வெளுத்துவிடும். காற்றாலைகளைச் சுழற்றும் காற்று மைக்கில் அடிக்கும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் கேட்கிறதா என்பதுதான் கேள்வி. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பஸ் ஓடும் ரோட்டோரம் நின்று வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்பதை வைத்து முடிவெடுக்காமல், அவர்களுக்கு எப்படிக் கேட்டது என்று விசாரியுங்கள். ஏலச் சத்தத்துக்கு நடுவில் விலை மாறிக் கேட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அக்கா விஷயம் முழுக்க வேறு. முந்திரிக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம் இருக்கிறது; வருடக்கணக்கில் கொட்டை உடைக்கிறவர்களின் தோலை அது அரித்து, விரல் ரேகையை மங்கச் செய்துவிடும். ஆதார் ரேகை வைக்கும்போதே அவர்கள் படும் பாடு தெரிந்ததுதான். இந்த விலைப் போன்களில் திரைக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் ஒளியை வைத்துப் படம்பிடிக்கும் சென்சார்; மங்கிய ரேகையும் காய்ந்த தோலும் அதற்கு ஒத்துவராது. பக்கவாட்டுப் பட்டனில் இருக்கும் சென்சார் கொஞ்சம் பரவாயில்லை. அல்ட்ராசோனிக் வகை ஈரக் கைக்கு நல்லது, இப்போதைக்கு விலை கூடிய போன்களில்தான் அதிகம். ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும் விரலில் பால் காய்ந்து இதே தொல்லை. அக்காவைக் கடைக்குக் கூட்டிப்போய், அவர் விரலையே பதிந்து, அவரையே திறக்கச் சொல்லுங்கள். திறக்கவில்லை என்றால் அந்தப் போன் அவருக்கு வேண்டாம். முகம் காட்டித் திறக்கலாமே என்பார் கடைக்காரர். சாதாரண செல்ஃபி கேமராவை வைத்துச் செய்யும் முகப்பூட்டைப் பல வங்கி ஆப்கள் ஏற்றுக்கொள்வதில்லை. பின் நம்பர் அவருக்கு மனப்பாடமாக வேண்டும். 25,000 ரூபாய் போனும் அவருக்குத் தேவையில்லை. பெரிய எழுத்து, கணீர் என்ற ஸ்பீக்கர், தட்டைத் திரை, பக்கவாட்டு சென்சார் உள்ள 13,000, 14,000 ரூபாய்ப் போன் போதும், மிச்சப் பணத்தை உங்களுடையதில் ஸ்டோரேஜ் கூட்டப் பயன்படுத்துங்கள்.

வீடியோக்காரர்களைத் தாண்டி நம்பகமாக ஒரு தகவல் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் போன்களுக்கு ஒரு லேபிள் கட்டாயம். கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது, பேட்டரி எத்தனை சார்ஜ் சுழற்சிக்கு 80 சதவீதக் கொள்ளளவோடு நிற்கும் என்று எல்லாம் அதில் உண்டு. குறைந்தது 800 சுழற்சி என்பது அங்கே சட்டம். எப்ரெல் (EPREL) என்ற பொதுத் தளத்தில் மாடல் பெயரைப் போட்டால் யாரும் பார்க்கலாம். நீங்கள் பார்க்கும் போன் அங்கேயும் விற்கிறதா என்று தேடுங்கள். இந்தியாவில் விற்கும்போது பேட்டரி அளவு மாறுவதுண்டு, ஆனால் உடல் பெரும்பாலும் அதேதான்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: இந்த வளைந்த திரைப் போனை விடுங்கள். அதே கம்பெனியோ வேறு கம்பெனியோ, தட்டைத் திரை, பிளாஸ்டிக் முதுகு, ஐபி67 அல்லது 68, யுஎஃப்எஸ் 3.1-இல் 256 ஜிபி, பேண்ட் 28, குறைந்தது நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட் என்று தேடுங்கள். 25,000 ரூபாய்க்குள் கிடைக்கிறதா என்று பாருங்கள். கேமராவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கம்பெனிக்கு நாகர்கோவிலில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, இல்லை திருவனந்தபுரம் ஓட வேண்டுமா என்பதையும் முன்பே விசாரியுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பல நேரம் ஒரு வாரத்துக்குள் வேறு போன் மாற்றித் தருவார்களே தவிரப் பணம் திரும்பாது, ஆகவே மேலே சொன்ன சோதனைகளை அந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். கடையில் வாங்கினால் பெட்டியைப் பிரித்ததும் *#06# அழுத்தி, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் பெட்டியிலும் பில்லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள்.